ஒரு சொல்லின் ஓட்டம்



ஆங்கில மொழியில் மூன்றே எழுத்துக்களால் ஆகிய சிறு சொல் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதைக் கண்டு அஞ்சுவார் ஒருவரும் இலர். ஆங்கிலம் கற்கத் தொடங்கும் நாட்களிலேயே அது நமக்கு அறிமுகமாகி விடுகிறது. பாடநூலில் அதன் அருகே நாயொன்று ஓடும் படமோ, சிறுவன் ஒருவன் ஓடும் படமோ இருக்கும். 'ரன்' என்பதே அச்சொல். 'ரன் என்றால் ஓடு' என்று ஒரு முறை சொல்லிவிட்டால் ஆசிரியர் கடமையும் முடிந்தது, மாணவர் கடமையும் முடிந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது தவறு என்பதை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன். அந்நிகழ்ச்சியை முதலில் கூறிவிட்டு, பின்னர் அச்சொல்லின் வரலாற்றுக்கு வருகிறேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியில் சேர்ந்த புதிது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய செய்தி. எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் பகுதி ஒன்றைத் தமிழில் பெயர்க்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு சிறுவனுடைய தந்தை சிறு கடையொன்றை நடத்தி வந்தார் என்று அப்பகுதி தொடங்கியது. 'நடத்தி வந்தார்' என்பதற்கு ஆங்கிலத்தில் அமைந்திருந்த சொல், 'ரன்' என்பதன் இறந்தகால வடிவமாகிய 'ரேன்'. மூன்றாம் வரிசையில் இருந்த மாணவன் ஒருவனை எழுப்பிப் படிக்கச் சொன்னேன். அவன் தன் குறிப்பேட்டைப் பார்த்து, "அவனுடைய தந்தை ஒரு சிறு கடையை ஓடினார்" என்று படித்தான். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பை அடக்க வேண்டிய நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் சிரிப்பொலி அடங்கும்வரை நின்றான். பிறகு மெல்லிய குரலில், "சார், 'ரன்' என்றால் 'ஓடு' என்று நீங்கள்தானே கரும்பலகையில் எழுதிப் போட்டீர்கள்?" என்று கேட்டான்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. "சரி, உட்கார்" என்று கூறி அடுத்த மாணவனை எழுப்பினேன். ஊர்க்கோடியில் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தவரின் மகன் அவன் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்குச் செல்லும் வழியில் அக்கடையைக் கண்டபோதுதான் நினைவுக்கு வந்தது. அன்று இரவு அகராதியைத் திறந்து 'ரன்' என்னும் சொல்லைத் தேடினேன். ஒரு வரியில் முடிந்துவிடும் என்று நான் நினைத்த சொல் பக்கத்துக்குப் பக்கம் நீண்டுகொண்டே சென்றது.

அது எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை அறிய, ஆங்கில அகராதிகளுள் பெரியதாகிய ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் கதையைச் சிறிது கேளுங்கள். அவ்வகராதிக்கான திட்டம் 1857ஆம் ஆண்டில் இலண்டன் மொழியியற் கழகத்தில் உருவாயிற்று. 1879இல் அதன் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றவர் ஜேம்ஸ் முர்ரே என்பவர். அவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். தோட்டத்தில் தகரக் கொட்டகை ஒன்றை அமைத்து, அதனுள் அடுக்கடுக்காகச் சிறு அறைகள் கொண்ட மரத்தட்டுக்களைப் பொருத்தி, நாடெங்கிலுமிருந்து வாசகர்கள் எழுதியனுப்பிய துண்டுச்சீட்டுக்களை அவற்றில் வகைப்படுத்தி வைத்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல்லும், அச்சொல் ஏதேனும் ஒரு நூலில் வந்துள்ள வாக்கியமும் எழுதப்பட்டிருக்கும். அகராதியின் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. 1915இல் முர்ரே மறைந்தார். எஞ்சிய பணியைப் பிறர் தொடர்ந்து 1928இல் முடித்தனர். அச்சான மேற்கோள் வாக்கியங்கள் மட்டும் 18 லட்சத்துக்கு மேற்பட்டவை.

இங்கே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவ்வகராதி ஆசிரியர்கள் சொல்லின் பொருளைத் தம் அறையில் அமர்ந்து தாமே தீர்மானிக்கவில்லை. முதலில் வாக்கியங்களைத் திரட்டினார்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதன்பின்னரே பொருளை எழுதினார்கள். சொல்லுக்குப் பொருள் தருவது வாக்கியமே என்பது அவர்கள் பணியின் அடிப்படை.

அந்த அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வெளிவந்தபோது, மிகுதியான பொருள்களைப் பெற்றிருந்த சொல் 'செட்' என்பது. அதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள் கூறப்பட்டிருந்தன. பின்னர் மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களைத் திருத்தி எழுதும் பணி நடந்தது. 'ரன்' என்னும் வினைச்சொல்லை ஏற்றுக்கொண்ட பீட்டர் கில்லிவர் என்னும் அகராதி ஆசிரியர், அந்த ஒரு சொல்லுக்காக ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் உழைத்தார். முடிவில் வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் இருப்பதாக 2011ஆம் ஆண்டில் செய்தி வெளிவந்தது. 'செட்' என்னும் சொல்லை 'ரன்' முந்திச் சென்றுவிட்டது!

அறுநூற்று நாற்பத்தைந்து என்றவுடன் மனம் தளர வேண்டா. அத்தனையையும் மனப்பாடம் செய்தவர் இங்கிலாந்திலும் இல்லை. அவை அனைத்தும் தனித்தனியே வானிலிருந்து விழுந்தவையும் அல்ல; ஒரு வேரிலிருந்து கிளைத்த மரம் போன்றவை. வேரை அறிந்தால் கிளைகளை எளிதில் இனம் காணலாம்.

அவ்வேர் யாது? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று 'ரின்னன்' என்பது. தானே ஓடுதல், நீர் ஒழுகுதல் என்பன அதன் பொருள்கள். மற்றொன்று 'ஏர்னன்' என்பது. குதிரையைச் செலுத்திச் செல்லுதல் போன்ற பொருளுடையது. முன்னதிலிருந்து பிறந்த பிறவினை வடிவமே பின்னது. தமிழ் இலக்கணம் கற்ற உங்களுக்கு இது புதிதன்று. 'ஓடு' என்பது தன்வினை. 'ஓட்டு' என்பது பிறவினை. உருள், உருட்டு என்பனவும், நட, நடத்து என்பனவும் அத்தகையனவே. காலப்போக்கில் ஆங்கிலத்தில் அந்த இரு சொற்களும் ஒலியால் நெருங்கி ஒன்றாகக் கலந்துவிட்டன. இன்று 'ரன்' என்னும் ஒரே வடிவம் 'ஓடு' என்றும் நிற்கிறது. 'ஓட்டு' என்றும் நிற்கிறது. ஆங்கிலத்தின் உறவு மொழியாகிய ஜெர்மனில் 'ரின்னென்' என்றால் நீர் ஒழுகுதல், 'ரென்னென்' என்றால் காலால் விரைந்து ஓடுதல் என்று இரு சொற்களும் இன்றும் வேறாகவே வழங்குகின்றன.

இந்த வரலாற்றை அறிந்தபோதுதான், நாங்கள் சிரித்த அந்த விடையின் தன்மை எனக்கு விளங்கிற்று. 'கடையை ஓடினார்' என்று அவன் எழுதினான். 'கடையை ஓட்டினார்' என்று எழுதியிருந்தால் பேச்சு வழக்கில் எவரும் ஏற்கக்கூடிய தமிழாக இருந்திருக்கும். 'ட்' என்னும் ஒரே ஒரு மெய்யெழுத்துக் குறைவு! தமிழ் தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவ வேறுபாடு காட்டுகிறது. இந்த ஆங்கிலச் சொல் காட்டுவதில்லை. அவ்வேறுபாட்டை அவனுக்குச் சொல்லித் தராதவன் நான்.

இனி, இச்சொல்லின் முக்கியமான கிளைகளைப் பார்ப்போம்.

முதற்கிளை, காலால் ஓடுதல். நடக்கும்போது ஒரு காலாவது எப்போதும் தரையில் பதிந்திருக்கும். ஓடும்போது இரு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு நீங்கும். விரைவு என்பது இக்கிளையின் உயிர். தப்பி ஓடுதலும், பந்தயத்தில் ஓடுதலும் இதில் அடங்கும்.

இரண்டாம் கிளை, ஒழுகுதல். ஆறு ஓடுகிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, சளி பிடித்தவனுக்கு மூக்கு ஒழுகுகிறது, மெழுகுவத்தி உருகி வழிகிறது. இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் 'ரன்' என்றே கூறலாம். புதிய சிவப்புத் துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைத்தால் சிவப்பு நிறம் மற்றதன்மேல் படிந்துவிடுகிறது. நாம் 'சாயம் போகிறது' என்கிறோம். ஆங்கிலேயர் நிறம் 'ஓடுகிறது' என்பர். இது கவிஞர் கற்பனையால் வந்த பொருள் அன்று. தொடக்கத்திலேயே அச்சொல்லில் இருந்த பொருள் என்பதை முன்னரே கண்டோம்.

மூன்றாம் கிளை, இயங்குதல். நீராவி இயந்திரமும் இரயிலும் தோன்றிய காலத்தில் இக்கிளை செழித்து வளர்ந்தது. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830இல் இரயில் பாதை திறக்கப்பட்டது. இரயில் ஓடியது, ஆலை இயந்திரம் ஓடியது, பின்னர் மின்விசிறியும் மோட்டாரும் ஓடின. ஓரிடத்தில் நின்றபடியே சுழலும் இயந்திரமும் 'ஓடுகிறது' எனப்பட்டது. நாளடைவில் பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 'ஓடுகிறது' என்று சேவையையும் அச்சொல் குறித்தது. நம் காலத்தில் கணினியில் ஒரு நிரலை இயக்குவதற்கும் அதே சொல். கால் இல்லை, சக்கரம் இல்லை, கண்ணுக்குத் தெரியும் அசைவும் இல்லை; ஆயினும் வேலை இடையறாது நடக்கிறது. அவ்விடையறாமையே இங்கே ஓட்டம் எனப்படுகிறது.

நான்காம் கிளை, நீளுதல். சாலை ஆற்றங்கரையோரமாகச் செல்கிறது. சுவரில் விரிசல் ஓடுகிறது. வயலைச் சுற்றி வேலி செல்கிறது. இவற்றுள் எதுவும் நகரவில்லை. நம் பார்வைதான் அவற்றின்மேல் நகர்கிறது. இடத்தில் நீளுவது போலவே காலத்திலும் ஒன்று நீளலாம். ஓர் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்; ஒரு நாடகம் பல ஆண்டுகள் ஓடும். அகதா கிறிஸ்டி எழுதிய 'தி மௌஸ்டிராப்' என்னும் நாடகம் 1952இல் இலண்டன் அரங்கில் தொடங்கி, கொள்ளைநோய் காரணமாக 2020இல் நிறுத்தப்படும்வரை தொடர்ந்து நடைபெற்றது. 2021இல் மீண்டும் தொடங்கிற்று. நம் நாட்டில் திரைப்படம் நூறு நாள் 'ஓடியது' என்று சொல்லும்போது நாமும் இதே கருத்தையே வெளியிடுகிறோம். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தில் இசைத்திறமை தொடர்ந்து வந்தால், அதனையும் அக்குடும்பத்தில் 'ஓடுகிறது' என்று ஆங்கிலேயர் கூறுவர்.

ஐந்தாம் கிளை, நடத்துதல். இது பிறவினை வழி வந்தது. கடையை நடத்துதல், பள்ளியை நடத்துதல், நாட்டை நிர்வகித்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் 'ரன்' பொருந்தும். இங்கே ஒரு சுவையான வேறுபாட்டைக் காணுங்கள். ஆங்கிலேயர் கடையை ஓட வைக்கிறார்கள். நாம் கடையை நடக்க வைக்கிறோம். இரண்டும் ஒரே தொழிலைக் குறிப்பன. 'நட' என்பதிலிருந்து 'நடத்து' பிறந்தது போலவே, ஆங்கிலத்தில் ஓட்டத்திலிருந்து நிர்வாகம் பிறந்தது.

தேர்தலிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர் அப்பதவிக்காக 'ஓடுகிறார்'. பிரிட்டனிலோ பாராளுமன்றத்துக்குப் போட்டியிடுபவர் 'நிற்கிறார்' என்பதே பழகிய வழக்கு. நாமும் தேர்தலில் 'நிற்கிறார்' என்றே சொல்லுகிறோம். ஒரே மொழி பேசும் இரு நாட்டாருள் ஒருவர் ஓட, மற்றவர் நிற்கிறார்!

ஆறாம் கிளை, ஒரு நிலையை அடைதல். அரிசி இருப்புக் குறைகிறது, கிணறு வற்றுகிறது, கடன் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது, குழந்தைக்குக் காய்ச்சல் காண்கிறது. இவை ஒவ்வொன்றையும் 'ரன்' என்னும் சொல்லோடு மற்றொரு சொல்லைச் சேர்த்து ஆங்கிலத்தில் கூறலாம்.

இக்கிளைகள் போதா என்பது போல, அச்சொல் சிறு துணைச்சொற்களோடு சேர்ந்தும் புதுப்பொருள் பெறுகிறது. 'ரன் இன்டூ' என்றால் ஒருவரை எதிர்பாராமல் சந்தித்தல். வண்டி சுவரில் மோதினாலும் அதுவே. 'ரன் த்ரூ' என்றால் ஒன்றை விரைவாக ஒரு முறை பார்த்து முடித்தல். 'ரன் டவுன்' என்றால் ஒருவரை இகழ்ந்து பேசுதல்; கடிகாரத்தின் முறுக்குத் தளர்ந்து நின்றுபோதலும் அதுவே. இவற்றை இரு சொற்களாகப் பிரித்துப் பொருள் காண முயல்வது, 'கைவிட்டான்' என்னும் சொல்லைப் பிரித்து, கையை எங்கே விட்டான் என்று தேடுவதை ஒக்கும்.

பெயர்ச்சொல்லாகவும் 'ரன்' வரும். கிரிக்கெட் ஆட்டத்தை அறியாத மாணவர் யார்? மட்டையாளர் இருவரும் எதிரெதிர் முனைகளுக்கு ஓடிச் சேர்ந்தால் ஒரு 'ரன்'. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆட்டக் கணக்கை மரக்குச்சியில் வெட்டுக்குறியிட்டு எண்ணியதால், அப்போது அதனை 'வெட்டு' என்று பொருள்படும் வேறொரு சொல்லாலும் வழங்கினர். பந்து தரையில் உருண்டு எல்லைக் கோட்டைக் கடந்தால், மட்டையாளர் ஓர் அடியும் எடுத்து வைக்காமலே நான்கு 'ரன்' பெறுகிறார். ஓட்டத்தை எண்ணப் பிறந்த சொல், ஓடாததையும் எண்ணுகின்ற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

கோழிகள் உலாவ வேலியிட்ட இடமும் 'ரன்' எனப்படும். ஒரு வங்கியின்மேல் நம்பிக்கை இழந்த மக்கள் தம் பணத்தைத் திரும்பப் பெற ஒரே சமயத்தில் திரண்டு விரைவதற்கும் அதுவே பெயர். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் என்னும் வங்கியின் கிளைகளுக்கு வெளியே மக்கள் நீண்ட வரிசையில் நின்றதை உலகம் கண்டது. வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் அசையாமல்தான் நின்றார்கள். ஆயினும் ஆங்கிலம் அதனை ஓட்டம் என்றே குறித்தது.

இத்தனை பொருள்களுள் எது எங்கே பொருந்தும் என்று அறிவது எப்படி? இதற்குரிய வழியை நம் தொல்காப்பியம் என்றோ கூறிவிட்டது. 'பலபொருள் ஒருசொல்' என்று ஒரு வகையைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் எடுத்துரைக்கிறார். அத்தகைய சொல்லின் பொருளைத் தெளிய, அதனோடு வரும் வினை, அதனோடு சேர்ந்து வரும் இனம், அது சொல்லப்படும் சார்பு ஆகிய மூன்றையும் நோக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 'மா' என்னும் சொல்லை உரைகாரர் எடுத்துக்காட்டுவர். மா பூத்தது என்றால், பூத்தல் என்னும் வினையால் அது மாமரம் என்பது தெளிவாகிறது. மாவும் மருதமும் வளர்ந்தன என்றால், மருதம் என்னும் இனத்தால் அப்போதும் மரமே. போர்க்கவசம் பூண்டு நிற்பவன் மாவைக் கொண்டுவா என்றால், அச்சார்பினால் அது குதிரை. இவ்விதி தமிழ்ப் பெயர்ச்சொல்லை முன்னிட்டுக் கூறப்பட்டதாயினும், பிறமொழி வினைச்சொல்லைப் பயில்வோருக்கும் விளக்காக நின்று உதவுகிறது.

'ரன் அவுட்' என்னும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுவாய் சிறுவன் என்றால், அவன் வெளியே ஓடினான். எழுவாய் பால் என்றால், பால் தீர்ந்துவிட்டது. ஆடுகளத்தில் நடுவர் விரலை உயர்த்தி நிற்கும்போது அதே தொடர் கேட்டால், மட்டையாளர் எல்லைக்குள் வந்து சேருமுன் ஆட்டமிழந்தார் என்பது பொருள். 'ரன் ஓவர்' என்பதும் அவ்வாறே. பாத்திரத்தில் ஊற்றிய நீர் என்றால் நிரம்பி வழிந்தது. வண்டி என்றால் ஒன்றன்மேல் ஏறிற்று. சொற்பொழிவாளர் என்றால் தமக்குக் கொடுத்த நேரத்தைக் கடந்துவிட்டார். சொல் மாறவில்லை, அதன் அயலார் மாறினர், அதனால் பொருள் மாறிற்று.

'என்ன தொல்லை பிடித்த மொழி இது!' என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அவசரப்பட வேண்டா. நம் வீட்டில் வழங்கும் 'அடி' என்னும் சொல்லைச் சிறிது நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் மாணவனை அடித்தார் என்கிறோம். அதனோடு நின்றோமா? வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மணி அடிக்கிறது, பூ மணம் அடிக்கிறது, ஒருவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். தலைக்கு மொட்டை அடிக்கிறோம். நண்பரோடு அரட்டை அடிக்கிறோம். தந்திச் சேவை இருந்தவரை அவசரச் செய்திக்குத் தந்தி அடித்தோம். தமிழ் பயில வந்த வெளிநாட்டார் ஒருவர், 'அடி' என்றால் 'கையால் அல்லது கோலால் தாக்கு' என்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டால், வெள்ளை அடித்த வீட்டுக்குள் நுழையவே அஞ்சுவார் அன்றோ?

இவற்றை நமக்கு யார் கற்பித்தார்? ஒருவரும் பட்டியலிட்டுக் கற்பிக்கவில்லை. 'வெயில் அடிக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போ' என்று தாய் சொன்னாள், நாம் கேட்டோம். 'காய்ச்சல் அடிக்கிறது, படுத்துக்கொள்' என்று பாட்டி நெற்றியைத் தொட்டுச் சொன்னாள், நாம் அறிந்தோம். வாக்கியத்தோடும் வாழ்க்கையோடும் சேர்ந்தே சொல் நம்மிடம் வந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் அந்த வழியை அடைத்துவிட்டு, 'இதற்கு இது' என்று ஒன்றுக்கு ஒன்றாக எழுதி வைத்துக்கொள்வது முறையாகுமா?

இப்போது அந்த எட்டாம் வகுப்புக்குத் திரும்புகிறேன். மறுநாள் காலை வகுப்பில் நுழைந்தவுடன் கரும்பலகையில் 'ரன்' என்னும் சொல்லை எழுதினேன். "நேற்று நடந்த பிழை என்னுடையது. நூற்றுக்கணக்கான பொருள் உடைய சொல்லுக்கு ஒரே பொருளைச் சொல்லிக் கொடுத்தவன் நான்" என்று கூறினேன். ஆசிரியர் அவ்வாறு பேசுவதைக் கேட்டுப் பழகாத மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "தமிழில் காலில்லாமல் ஓடுவன எவை? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றேன்.

கைகள் உயர்ந்தன. தண்ணீர் ஓடுகிறது என்றான் ஒருவன். பஸ் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது என்றனர் வேறு இருவர். திரைப்படம் ஓடுகிறது என்றபோது வகுப்பு மகிழ்ச்சியால் ஆரவாரித்தது. மனத்தில் எண்ணம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது என்றெல்லாம் வந்தன. மூன்றாம் வரிசை மாணவன் மட்டும் தலை குனிந்து அமர்ந்திருந்தான். நான் அவனை எழுப்பவில்லை. நீண்ட நேரம் கழித்து அவனே எழுந்தான். "வியாபாரம் ஓடும் சார். எங்கள் கடையில் இப்போது ஓடவில்லை" என்றான்.

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. அவன் சொன்ன வாக்கியத்தைக் கரும்பலகையின் நடுவில் எழுதினேன். 'கடை ஓடுகிறது' என்பதற்கும் 'கடையை ஓட்டுகிறார்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அதிலிருந்தே விளக்கினேன். ஆங்கிலத்தில் அவ்விரண்டுக்கும் ஒரே சொல் என்பதைச் சொன்னபோது, முதலில் தலையசைத்தவன் அவன்தான். ஏனெனில் அச்சொல்லின் இரு பொருளையும் தன் வீட்டில் நாள்தோறும் கண்டவன் அவன்.

அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை, தனிச்சொல்லுக்குப் பொருள் எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது 'ரன்' போன்ற சிறு சொல் புதுப்பொருளில் வந்தால், சொல்லை மட்டும் எழுதாமல் வாக்கியம் முழுவதையும் எழுதுங்கள். யார், எதை, எங்கே என்னும் மூன்று கேள்விகளை அவ்வாக்கியத்தினிடம் கேளுங்கள். அவ்விடத்தில் தமிழர் எப்படிப் பேசுவர் என்று எண்ணிப் பார்த்து, அதனை அருகே குறித்துக்கொள்ளுங்கள். முர்ரே தகரக் கொட்டகையில் அமர்ந்து செய்த பணியும் சாரத்தில் இதுவே. ஓர் ஆண்டில் உங்கள் குறிப்பேட்டில் ஐம்பது வாக்கியங்கள் சேர்ந்தாலும் போதும். 645இல் மற்றவை உங்களை அஞ்ச வைக்கமாட்டா.

மற்றொன்றும் சொல்லி முடிக்கிறேன். வகுப்பில் உங்கள் தோழர் ஒருவர் பிழையாக விடை கூறும்போது, சிரிப்பதற்கு முன் ஒரு கணம் பொறுங்கள். அவர் எவ்வழியே அவ்விடைக்கு வந்தார் என்று எண்ணிப் பாருங்கள். பல பிழைகள் சோம்பலால் வருவன அல்ல. கற்றுக்கொடுத்ததை அப்படியே நம்பியதால் வருவன. ஒரு மெய்யெழுத்துக் குறைந்த அந்த விடையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய இரு சொற்கள் காலப்போக்கில் ஒன்றாகக் கலந்த வரலாறு ஒளிந்திருந்தது. நானோ அதைக் கேட்டுச் சிரித்தேன். நீங்கள் அவ்வாறு செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.